அது அட்டை இல்லடா, நத்தை

ஓகஸ்ட் மாசம், கச்சான் காத்து தரையில இருந்து கடல் பக்கமா அடிக்கிறதால எங்கட பக்கக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நேரம், திருகோணமலை டச்சுபே கல்லுகளுக்குள்ள அக்காட மகன் முழங்கால் தண்ணியில நிண்டுகொண்டு ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள்ள எதையோ அள்ளிப் போட்டுட்டு "மாமா, அட்டை பிடிச்சிட்டன், பெரிய அட்டை" எண்டு கத்தினான். நான் கிட்டப் போய்ப் பாக்க முதலே பேசின் தண்ணி முழுக்க ஊதாவாப் போட்டுது, பீட்ரூட் அவிச்ச தண்ணி இருக்கே, அப்பிடி. பெடியன் பயந்து பேசினக் கவிழ்த்துப்போட்டான். பக்கத்தில வலை தைச்சுக்கொண்டிருந்த ஐயா ஒராள் தலையக்கூட நிமித்தாம "அது விலைபோகாத அட்டை தம்பி, விடு" எண்டார்.

ஐயா சொன்னதில பாதி சரி. விலை போகாது, அது உண்மை. ஆனா அது அட்டை இல்ல.

எங்கட பாஷையில இந்த அட்டை எண்ட சொல்லு படுற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. வயல்ல காலைக் கடிச்சு இரத்தம் குடிக்கிறது அட்டை, மழைக்குச் சுவரில ஏறுறது மரவட்டை, சுழியோடி ஆக்கள் அள்ளிக்கொண்டு வந்து அவிச்சுக் காயவைச்சு சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புறது கடலட்டை. இது மூண்டுக்கும் ஒண்டோட ஒண்டு சொந்தமே கிடையாது. கடலட்டையின்ர உண்மையான சொந்தக்காரர் நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும். எங்கட பேசினுக்குள்ள ஊதா கக்கினதோ நத்தைக் குடும்பம், சங்கு, சோழி, வீட்டுக் கிணத்தடியில ஊர்ற நத்தை இதெல்லாம் இருக்கிற அதே கூட்டம். இங்கிலிஷ்ல சீ ஸ்லக் எண்டுவாங்க. தமிழ்ல ஓடில்லா நத்தை எண்டு சொல்லலாம், ஒருத்தரும் சொல்லுறேல்ல எண்டது வேற கதை. பெடியன் பிடிச்ச வகைக்கு மட்டும் கடல் முயல் எண்டு ஒரு நல்ல பேர் இருக்கு, தலையில ரெண்டு கொம்பு காது மாதிரி நிமிந்து நிக்கும், அதால வந்த பேர்.

நத்தைக்கு ஓடு இருக்கோணுமே எண்டு கேப்பீங்கள். இருந்தது. முட்டையால வெளிய வரேக்க அனேகமா எல்லாக் குஞ்சுக்கும் சின்னதா ஒரு ஓடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில அது நீரோட்டத்தோட மிதந்து திரியும், பிறகு தனக்குத் தோதான இடம் ஒண்டு கிடைச்ச உடன அதில ஒட்டி, உடம்பை மாத்தி, ஓட்டைக் கழட்டிப்போட்டுட்டு வளரத் தொடங்கும். கடல் முயல் முழுசா விடமாட்டுது, முதுகுத் தோலுக்குள்ள நகம் மாதிரி மெல்லிசா ஒரு ஓட்டுத் துண்டை ஒளிச்சு வைச்சிருக்கும், சீதனக் காணியில கடைசி ரெண்டு பரப்பை விக்காம வைச்சிருக்கிற மாதிரி.

இதில எனக்குப் பெரிய அதிசயம் இது தான். கடலுக்குள்ள மெத்தெண்ட உடம்போட, ஓடும் இல்லாம, ஓடவும் தெரியாம, நிமிசத்துக்கு ஒரு சாண் கூட நகராத ஒரு பிராணி, கண்ணும் வெளிச்சம் இருட்டு மட்டும் தான் பிரிச்சறியும், இது எப்பிடி மீன் நண்டு நிறைஞ்ச முருகைக்கல்லுக்குள்ள உயிரோட இருக்குது? அதுவும் ஒளிச்சிருந்தாலும் பரவாயில்ல, கலியாண வீட்டுக் கூறைச்சீலை மாதிரி சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக் கட்டிக்கொண்டு பட்டப்பகல்ல கல்லுக்கு மேல கிடக்குது.

பதில் சாப்பாட்டில இருக்கு. இதுகள் மற்ற ஆக்கள் தொடப் பயப்படுற சாமானாப் பாத்துச் சாப்பிடும், சாப்பிட்டதில இருக்கிற நஞ்சையோ முள்ளையோ தன்ர உடம்பில சேமிச்சு வைக்கும். ஓட்டுக்குப் பதிலா களவெடுத்த ஆயுதம்.

ஃபைலிடியா எண்டு ஒரு வகை, கறுப்பு உடம்பில நீலச் சாம்பல் வரம்பு வரம்பா ஓடி அதுக்கு மேல மஞ்சள் கொப்புளம் வைச்ச மாதிரி இருக்கும், விரல் நீளம் வரும். கடற்பஞ்சு தான் இதுக்குச் சாப்பாடு. கடற்பஞ்சு அசையாத உயிர், அதால தன்னைக் காப்பாத்த உடம்பு முழுக்கக் கசப்பும் நஞ்சுமான கெமிக்கல் வைச்சிருக்கும், பெரும்பாலான மீன் வாயே வைக்காது. ஃபைலிடியா அதை வழிச்சு வழிச்சுத் திண்டுட்டு நஞ்சை அப்பிடியே தன்ர தோலுக்கு அனுப்பிப்போடும். மீன் தொட்டிக்குள்ள இந்த நத்தைய விட்டு அது விடுற வழுவழுத்த சளித் தண்ணியில மீனெல்லாம் செத்துப்போன சம்பவத்தை 1963லயே ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதி வைச்சிருக்கினம். அப்ப அந்த மஞ்சளும் நீலமும் அலங்காரம் இல்ல, "வாயை வைச்சுப் பார், தெரியும்" எண்ட போர்டு.

இனித் தான் சுவாரசியம். கடலட்டையில பியர்சோனோதூரியா எண்டு ஒரு இனம் இருக்கு, அதின்ர குஞ்சு சின்ன வயசில அச்சொட்டா இந்த ஃபைலிடியா மாதிரியே வேசம் போடும், அதே நீலம் அதே மஞ்சள், சுழியோடிகளே ஏமாந்துபோவினம். வளந்த பிறகு பெத்த ஆக்களின்ர நிறத்துக்கு மாறிடும். நாங்க நத்தையைப் பாத்து அட்டை எண்டுறம், அட்டையோ தன்னை நத்தை எண்டு காட்டி உயிர் பிழைக்குது.

முதுகு முழுக்க விரல் விரலா மயிர்க்கொத்து மாதிரி வைச்சிருக்கிற வகை இன்னும் ஒருபடி மேல. அதுகள் சொறி குடும்பத்துச் சாமானுகளை, கடற் சாமந்தி, ஹைட்ரொயிட் மாதிரியானதுகளைச் சாப்பிடும். சொறி பட்டா எப்பிடிச் சுணைக்கும் எண்டு கடல்ல குளிச்ச எல்லாருக்கும் தெரியும், அந்தச் சுணைக்குக் காரணம் தொட்ட உடன வெடிச்சு ஊசி பாயிற சின்னச் சின்னக் கலங்கள். இந்த நத்தை அதுகளைச் சாப்பிடேக்க முதிராத ஊசிக் கலங்களை வெடிக்காமலே விழுங்கி, குடல் வழியா முதுகு விரல்களின்ர நுனிக்கு அனுப்பி அங்க அடுக்கி வைக்கும், பிறகு ஒரு மீன் வந்து கடிச்சா சொறியின்ர ஊசி தான் மீனின்ர வாயில பாயும். ஒராளின்ர வெடிமருந்தைக் களவெடுத்து, வெடிக்காமக் கொண்டுவந்து, தன்ர வீட்டு மதில்ல பூட்டி வைக்கிற வேலை. இதை எப்பிடி இவ்வளவு துல்லியமாச் செய்யுது எண்டு யோசிக்க யோசிக்க எனக்குத் தலை சுத்தும்.

அந்தக் கூட்டத்தில நீல டிராகன் எண்டு பேர் எடுத்த கிளோக்கஸ் கல்லில ஊராது, நடுக்கடல்ல வயித்துக்குள்ள காத்துக் குமிழ் ஒண்டை வைச்சுக்கொண்டு மல்லாக்க மிதக்கும். சாப்பிடுறது போர்ச்சுகீஸ் மேன் ஒஃப் வோர் எண்ட பயங்கரமான சொறிச் சாதியை, அதில வீரியமான ஊசியாப் பாத்து எடுத்துச் சேக்கிறதால ரெண்டு மூண்டு சென்ரிமீட்டர் நீளமான இந்தப் பூச்சி குத்தினா அந்தச் சொறியை விடக் கூடக் கடுக்கும். 2023 டிசம்பர்ல மிச்சாங் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கரையில இது ஒதுங்கி செய்தியில வந்தது ஞாபகம் இருக்கும். வாடைக் காத்து உரமா அடிக்கிற நாள்ல எங்கட கரையில நீலமா, வடிவா, சின்னதா ஏதும் கிடந்தா பிள்ளைகள் கையில எடுக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ.

இந்த இடத்தில எங்கட ஊர்க் கதை ஒண்டு சொல்லோணும், ஊர் ஆக்களுக்கே தெரியாத கதை. உலகத்தில ஓடில்லா நத்தையப் பற்றி ஒழுங்கா எழுதத் தொடங்கின ஆரம்ப காலத்தில திருகோணமலை பெரிய இடம். எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட் எண்டு ஒரு பட்டாளத்து டொக்டர், 1819ல இலங்கையிலயே பிறந்த ஆள், எடின்பரோவில படிச்சவர், இங்க வேலை பாத்த காலத்தில கரையில இருந்தும் சுழியோடிகளைக் கொண்டும் இந்த நத்தைகளைச் சேத்து, உயிரோட வைச்சு நிறமெல்லாம் படம் கீறி, 1858லயும் 1859லயும் பல இனங்களுக்கு முதல் முதலா விஞ்ஞானப் பேர் வைச்சு வெளியிட்டார். உயிரோட வைச்சுக் கீறினது தான் முக்கியம், ஏனெண்டா சாராயத்தில போட்ட ஒரு கிழமையில இந்த நத்தையின்ர நிறமெல்லாம் போய் ஊறின பாக்குத் துண்டு மாதிரி ஆகிடும், பிறகு அதைப் பாத்து ஒருத்தராலயும் ஒண்டும் சொல்லேலாது. ஐரோப்பாவில இருந்த பெரிய ஆக்களுக்குப் போய்ச் சேந்ததெல்லாம் அந்தப் பாக்குத் துண்டு தான்.

1860ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போகேக்க நடுவழியில மனுசன் செத்துப்போனார், நாப்பத்தொரு வயசும் ஆகேல்ல. அவர் கீறின படங்கள் நியூகாசில்ல ஒரு மியூசியத்தில கிடந்தது, அதை 1906ல சார்ள்ஸ் எலியட் எண்டவர் எடுத்து ஒவ்வொண்டாப் பரிசோதிச்சு எது எந்த இனம் எண்டு எழுதினார். அந்த எலியட் தொழிலால ராஜதந்திரி, கிழக்கு ஆபிரிக்காவில பிரிட்டிஷ் ஆட்சியை நடத்தினவர், பொழுதுபோக்கு இந்த நத்தை. இப்பிடியும் ஆக்கள் இருந்திருக்கினம்.

கெலார்ட் பேர் வைச்சதில இண்டைக்கும் சுழியோடிகள் அடிக்கடி பாக்கிற ஒண்டு ஜொருன்னா ஃபியூனிபிரிஸ். வெள்ளை உடம்பு, அதில கறுப்பு வட்டம் வட்டமா. ஃபியூனிபிரிஸ் எண்டா லத்தீன்ல செத்தவீட்டுக்குரியது எண்ட கருத்து, வெள்ளைக்காரனுக்குக் கறுப்பு துக்கம், எங்களுக்கு வெள்ளை, அந்த நத்தை ரெண்டு பக்கத்துக்கும் பொருத்தமா உடுத்திருக்கு. எங்கட நாட்டின்ர பேரைத் தன்ர பேருக்குப் பின்னால கொண்டு திரியிற ஃபைலிடியெல்லா சைலனிக்காவும் அவர் வைச்சது தான், அந்தக் கடைசிச் சொல்லு சிலோன் எண்டதில இருந்து வந்தது.

பச்சை நிறத்தில இலை மாதிரி விரிஞ்சு கிடக்கிற எலிசியா வகையின்ர களவு வேற மாதிரி. பாசியை உறிஞ்சிக் குடிச்சு, பாசிக்குள்ள வெளிச்சத்தில சாப்பாடு செய்யிற பச்சையம் இருக்கிற உறுப்பு இருக்கே, அதைச் சமிக்காம தன்ர தோலுக்குள்ள வைச்சுக்கொள்ளும். அமெரிக்கக் கரையில வாழுற எலிசியா குளோரொட்டிக்கா ஒருக்காச் சாப்பிட்டா மாசக்கணக்கா ஒண்டும் தின்னாம இருக்கும். சிலர் உடன "வெயில்ல சமைக்கிற மிருகம்" எண்டு எழுதிடுவாங்க, ஆனா இருட்டில வைச்ச நத்தையும் செத்துப்போகேல்ல எண்டு வேற ஆராய்ச்சி வந்தது, அந்த வெளிச்சச் சாப்பாடு எவ்வளவுக்கு உண்மையில உதவுது எண்டதில இன்னும் வாக்குவாதம். 2021ல ஜப்பான்ல நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில கண்டுபிடிச்சது இதை விட விசர்: எலிசியா தன்ர தலையைத் தானே கழட்டிப்போட்டு, அந்தத் தலை தனிய ஊர்ந்து திரிஞ்சு பாசி திண்டு, மூண்டு கிழமை அளவில இருதயத்தோட முழு உடம்பையும் திருப்பி வளத்துது. கழண்ட உடம்பில இருந்து தலை முளைக்கேல்ல.

சரி, எங்கட பேசின் கடல் முயலுக்கு வருவம். அது தின்னுறது கடற்பாசி, ஆடு மாதிரி மேயும். ஊதா மை அதின்ர சாப்பாட்டில, சிவப்புப் பாசியில இருந்து வாற நிறத்தால செய்யிறது, எதிரிக்கு மூக்கு மணக்காமப் பண்ணிக் குழப்பிவிடும், எங்கட கையில பட்டா கழுவினாப் போகும். கல்லுக்குள்ள நூல் நூலா மஞ்சளாயோ பச்சையாயோ சிக்குப்பட்டு இடியப்பம் பிழிஞ்ச மாதிரி ஒண்டு கிடந்தா அது கடல் முயலின்ர முட்டை, ஒரு சிக்கில லட்சக்கணக்கில இருக்கும். ஆண் பெண் எண்டு பிரிவு இல்ல, ஒவ்வொண்டும் ரெண்டுமாத் தான் இருக்கும், ஓடில்லா நத்தை அனேகமா எல்லாமே அப்பிடித் தான். ஸ்பானிஷ் டான்சர் எண்ட பெரிய சிவப்பு வகை, முழங்கை நீளம் வரை வளரும், அது போடுற முட்டை நாடா சுருண்டு சுருண்டு செவ்வரத்தம்பூ பூத்த மாதிரிக் கல்லில ஒட்டியிருக்கும், பாக்கிற ஆக்கள் பூ எண்டே நினைப்பினம்.

இந்த விலைபோகாத அட்டைக்கு ஒரு நோபல் பரிசில பங்கு இருக்கு. எரிக் கண்டெல் எண்ட விஞ்ஞானி, ஞாபகம் எண்டது மூளைக்குள்ள எப்பிடி உண்டாகுது எண்டு பாக்க எலியையும் குரங்கையும் விட்டுட்டு கடல் முயலைப் பிடிச்சார். காரணம் சிம்பிள், அதுக்கு நரம்புக் கலம் மொத்தம் 20,000 அளவு தான், அதிலயும் சிலது வெறும் கண்ணுக்கே தெரியிற அளவு பெரிசு, எந்தக் கலம் எதோட இணைஞ்சிருக்கு எண்டு ஒவ்வொண்டாப் பாக்கலாம். பூவைத் தொடுறது மாதிரி மெதுவாத் தொட்டா செவுளை உள்ள இழுக்கும், திருப்பித் திருப்பித் தொட்டா பழகிப்போய் இழுக்காது, வாலில ஷொக் குடுத்திட்டுத் தொட்டா பயந்து கூட இழுக்கும். இந்தச் சின்ன விளையாட்டில இருந்து, படிச்சது மறக்காம இருக்கிறதுக்கு நரம்பு இணைப்பே மாறுது எண்டு காட்டினார், 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூண்டு பேருக்குப் பிரிஞ்சு போனதில ஒருத்தர் அவர்.

மருந்துக் கதையும் இருக்கு. இந்து சமுத்திரத்தில இருக்கிற டொலபெல்லா எண்ட கடல் முயல்ல இருந்து 1987ல டொலஸ்டாட்டின் 10 எண்ட ஒரு சாமானைப் பிரிச்செடுத்தாங்க, புற்றுக் கலம் பிரியிறதை நிப்பாட்டுற வீரியமான நஞ்சு. அதைத் தழுவிச் செயற்கையாச் செய்த ஒரு மருந்தைப் பிறபொருளெதிரியோட கட்டி, பிரென்டக்சிமாப் வெடோட்டின் எண்ட பேரில 2011ல அமெரிக்காவில அனுமதிச்சாங்க, ஹொட்ஜ்கின் எண்ட நிணநீர்ப் புற்றுக்கு இண்டைக்கும் குடுக்கினம். பிறகு பாத்தா அந்த நஞ்சைச் செய்தது கடல் முயலும் இல்லையாம், அது மேஞ்ச நீலப்பச்சைப் பாசி நுண்ணுயிர். இதுவும் களவு.

இந்தச் சாப்பாட்டு விசயம் தான் இதுகளைக் கடலுக்குள்ள முக்கியமாக்குது. மாடு மாதிரி எதையும் திண்டு பிழைக்கிற பிராணி இல்ல இது. அனேகமா ஒவ்வொரு இனத்துக்கும் ஒண்டோ ரெண்டோ சாப்பாடு தான் ஒத்துவரும், சிலதுக்குக் குறிப்பிட்ட ஒரு கடற்பஞ்சு, சிலதுக்குக் குறிப்பிட்ட ஒரு முருகைக்கல், ஃபெஸ்டில்லா எண்டது முருகைக்கல்லையே திண்டு அதில ஒட்டியிருந்தா கண்டுபிடிக்கவே ஏலாது. ஃபவோரினஸ் மற்ற நத்தையின்ர முட்டையைத் தேடித் தின்னும், ஜிம்னோடோரிஸ் மற்ற நத்தையையே விழுங்கும். வடிவா இருக்கெண்டு காசு குடுத்து வாங்கி மீன் தொட்டியில விடுற ஆக்களுக்கு அதால தான் அது ஒரு மாசத்துக்குள்ள பட்டினியில சாகுது. அட்டையப் பிடிச்சு மெத்தையில வைச்சாலும் அது செத்தையைத் தான் தேடும் எண்டு பழமொழி சொன்ன ஆள் இந்த அட்டையைப் பற்றியும் தெரிஞ்சு தான் சொன்னாரோ தெரியாது.

இன்னொண்டு, இதுகளின்ர ஆயுள் குறைவு, அனேகமானது ஒரு வருசத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்ப ஒரு கல்லில எந்த நத்தை இருக்கு எண்டு பாத்தா, போன வருசமும் இந்த வருசமும் அந்தக் கல்லில என்ன கடற்பஞ்சு இருந்தது, என்ன பாசி வளந்தது, தண்ணி எவ்வளவு சூடானது எண்டது ஓரளவுக்குத் தெரியவரும். கலிபோர்னியாவில தெற்குப் பக்கம் சூடான தண்ணியில வாழுற ரோஸ் நிற நத்தை ஒண்டு 2015ல வடக்குக் கரைகள்ல கூட்டமா வந்து நிண்டது, கடல் சூடாகினதை ஊர் ஆக்கள் கண்ணால கண்டது அதில தான்.

எங்கட பக்கம் 1998ல இலங்கையின்ர தெற்கு, வடமேற்கு முருகைக்கல்லெல்லாம் சூட்டில வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பிச்சது. நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாமலை, டூரிஸ்ட் ஆக்களுக்கு பிஜன் ஐலண்ட், 2003ல இருந்து தேசியப் பூங்கா. அங்க போற ஆக்கள் சுறாக் குட்டியும் ஆமையும் பாக்கத் தான் துடிக்கினம், முகத்தைத் தண்ணிக்குள்ள வைச்ச உடன காலை அடிச்சுக்கொண்டு ஒரே ஓட்டம், முருகைக்கல்லில ஏறி நிண்டு போட்டோ எடுக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். ஒரு முருகைக்கல் செத்தா அது மட்டும் சாகிறேல்ல, அதையே நம்பின ஃபெஸ்டில்லாவும் சேந்து போகும், செத்த கல்லில கடற்பஞ்சும் பாசியும் வந்து ஏறினா பிறகு அதைத் தின்னுற நத்தை வரும், அந்த மாற்றத்தைத் திரும்பப் பழைய மாதிரி ஆக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

பாக்க ஆசைப்பட்டா மே தொடக்கம் செப்டெம்பர் வரை நல்ல காலம், ஒக்டோபர் கடைசியில வாடை தொடங்கித் தண்ணி கலங்கினா ஒண்டும் தெரியாது. நத்தையைத் தேடாதேங்கோ, சாப்பாட்டைத் தேடுங்கோ. கடற்பஞ்சு படிஞ்ச கல்லின்ர நிழல் பக்கம், ஜெட்டித் தூணில மயிர் மாதிரி முளைச்சிருக்கிற ஹைட்ரொயிட், பாசி அடர்ந்த ஆழமில்லாத தண்ணி. ஒரே இடத்தில பத்து நிமிசம் அசையாம மிதக்கோணும், முதல்ல ஒண்டும் தெரியாது, பிறகு அரிசி அளவில ஒண்டு கொம்பாட்டும்.

அக்காட மகன் அடுத்த கிழமையும் அதே பேசினோட வந்தான். இந்த முறை உள்ள ஒண்டும் இல்ல, தண்ணி மட்டும். ஏன்டா எண்டு கேட்டா, "அங்க கல்லுக்குள்ள இடியப்பம் கிடக்கு மாமா, அதைப் பாக்க வாங்கோ, நான் தொடேல்ல" எண்டான். வலை தைக்கிற ஐயா அண்டைக்குத் தலையை நிமித்தி, "என்ன இடியப்பம்?" எண்டு கேட்டுட்டு எங்களுக்குப் பின்னால எழும்பி வந்தார்.